கேட்டு வந்தவர்களின் அலுமாரி

தம்பி,

நேற்று நீ தொலைபேசியில் சொன்ன செய்தியை அப்பா இன்றைக்குக் காலையிலேயே ஒட்டுசுட்டான் சந்தி முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். பால் வாங்கப் போனவர் வெறும் போத்தலோடு திரும்பி வந்தார், பால்காரரிடம் உன்னைப் பற்றிக் கதைத்ததில் பாலை மறந்துவிட்டாராம். "மகன் முல்லைத்தீவுக்கு வங்கி மனேச்சரா வாறான்" என்று சொல்லித் திரிகிறார். மனேச்சர் இல்லை, கடன் பகுதிக்குத்தான் பொறுப்பு என்று திருத்தினேன். "நீ பென்சன் எடுத்தும் திருத்திற பழக்கத்தை விடமாட்டாய்" என்று சிரித்தார். எனக்கும் சந்தோசம்தான். இத்தனை வருசம் கொழும்பில் கடைச் சோறு தின்ற பிள்ளை இனி வீட்டிலிருந்து வேலைக்குப் போய் வரலாம். உன்ர அறையைக் கழுவி, யன்னலுக்குப் புதுத் திரையும் போட்டாயிற்று. ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை. தொலைபேசியில் நான் ஏதும் சொல்லத் தொடங்கினால் நீ "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய். கடிதத்துக்கு அப்படிச் சொல்ல ஏலாது. அதனால் எழுதுகிறேன்.

போன வருசம் நீ வந்து நின்றபோது என்னைக் கேட்டாய், "செத்துப்போன பணக்காரரின்ர பழைய கடதாசியளோட ஏன் அம்மா மாரடிக்கிறியள்? வீட்டில இருந்து ஓய்வெடுங்கோவன்" என்று. அப்போது நான் பதில் சொல்லவில்லை. அந்த வேலை என்னவென்று எனக்கே அப்போது முழுதாக விளங்கியிருக்கவில்லை. இப்போது வேலை முடிந்துவிட்டது. நீ உட்காரப் போகிற கதிரையையும் நினைத்துப் பார்த்தேன். அந்தப் பதிலை இனிப் பிந்திச் சொல்லக் கூடாது என்று பட்டது.

மாங்குளம் முதலாளியைச் சின்ன வயதில் நீ கண்டிருக்கிறாய். வெள்ளை வேட்டி, தடித்த கண்ணாடி, காரின் பின் இருக்கையில் அவருக்குப் பக்கத்தில் ஒரு தோல் பை. அரிசி ஆலை அவருடைய பெயரில் இல்லை, புடவைக் கடை அவருடைய பெயரில் இல்லை, கடலில் ஓடிய படகுகளும் வீதியில் ஓடிய லொறிகளும் வேறு வேறு ஆட்களுடையவை. ஆனால் எல்லாவற்றுக்குப் பின்னாலும் அவருடைய காசு இருந்தது. கிளிநொச்சியில் ஒருவர் கடை திறக்க நினைத்தால், நல்ல நாள் பார்ப்பதற்கு முதல் அவரைப் பார்க்கப் போவார். அவரை நல்லவர் என்றோ கெட்டவர் என்றோ ஒரு சொல்லில் சொல்ல எனக்குத் தெரியாது. தவணை தவறிய ஒருவரின் உழவு மிசினை அறுவடை நேரத்தில் இழுத்துக்கொண்டு போனதும் அவர்தான். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு நடந்து போகிற சனத்துக்கு வழியில் தண்ணீர்ப் பந்தல் போட்டு, வெயிலில் நின்று தன் கையாலேயே மோர் வார்த்ததும் அவர்தான். இரண்டையும் நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

சண்டையால் இடம்பெயர்ந்த காலத்தில் ஊர்ச்சனம் நெல்லையும் ஆட்டையும் கதவு நிலையையும்கூட ஏற்றிக்கொண்டு போனது. அவர் தகரப் பெட்டிகளுக்குள் கடதாசிகளை அடைத்து, தறப்பாளால் இறுக்கிக் கட்டி, உழவு மிசினின் பெட்டியில் ஏற்றினார். அவர் போய் இருந்த இடமெல்லாம் அவையும் கூடப் போயின. "கிழவர் பசிச்சா கடதாசியைத்தான் கடிக்கப் போறார்" என்று ஆட்கள் சிரித்தார்கள். திரும்பி வந்தபோது அவருடைய வீட்டுக்குக் கூரை இல்லை. பெட்டிகள் மட்டும் ஒன்றும் குறையாமல் வந்து சேர்ந்தன. வீட்டைத் திருத்திக் கட்டினவர், முதலில் கட்டி முடித்தது அந்தக் கடதாசிகளுக்கான அறையைத்தான்.

அவர் காலமானபின் கனடாவில் டொக்டராக இருக்கும் மகள் வதனி வந்து இறங்கினாள். தகப்பனுடைய கடதாசிகளைப் பல்கலைக்கழக நூலகமொன்று கேட்டிருந்தது. வன்னியில் தொழிலும் வாழ்க்கையும் எப்படி நடந்தது என்று ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு உதவுமாம். வதனி நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள். "டீச்சர், எனக்கு அந்த எழுத்துகளை வாசிக்கவே ஏலாமல் கிடக்கு. நீங்கள் எண்டால் இந்த ஊரில எல்லாரின்ர கையெழுத்தையும் வாசிச்சுப் பழகின ஆள். வகை பிரிச்சு, விவரம் எழுதித் தாங்கோ" என்றாள். எனக்கும் பள்ளிக்கூட வேலையை விட்டபின் பகல் பொழுது நீளமாகிக் கிடந்தது. சம்மதித்தேன்.

காலையில் மாங்குளம் பஸ் எடுப்பேன். வழியில் யானை நின்றால் பஸ்ஸும் நிற்கும், அது காட்டுக்குள் இறங்கிய பிறகுதான் நகரும். அந்த அறையில் மூன்று இரும்பு அலுமாரிகள் இருந்தன. முதலாவதில் தொழில் கடதாசிகள்: ஒப்பந்தங்கள், லொறிகளின் அனுமதிப் பத்திரங்கள், ஆலைக்கு வாங்கிய இயந்திரத்தின் படங்கள். இரண்டாவதில் வீட்டுக் கடதாசிகள்: வதனியின் பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கைகள், கலியாண அழைப்பிதழ்கள், கண்ணாடிக்கடைப் பற்றுச்சீட்டுகள். வதனியின் கலியாணச் சாப்பாட்டு விவரம் எழுதிய தாளின் அடியில், "மோர்மிளகாய் போதவில்லை, அடுத்தமுறை கூடப் பொரிக்க வேண்டும்" என்று அவருடைய எழுத்தில் கிடந்தது. அவருக்கு ஒரே மகள்தான். எந்த அடுத்தமுறையோ தெரியாது. வாசித்துவிட்டு நான் தனிய இருந்து சிரித்தேன். அவரோடு தொழிலில் மல்லுக்கட்டிய ஒருவரின் மனைவி இறந்தபோது எழுதத் தொடங்கிய துக்கக் கடிதம் ஒன்றும் இருந்தது. திரும்பத் திரும்ப வெட்டி எழுதி, கடைசிவரை அனுப்பாமல் விட்டிருந்தார்.

பிறகு மூன்றாவது அலுமாரியைத் திறந்தேன். அது முழுக்க அவரிடம் கேட்டு வந்தவர்களின் கடிதங்கள். விதைநெல்லுக்கு, வலைக்கு, மகளின் கலியாணத்துக்கு, தகப்பனின் செத்தவீட்டுக்கு, மகனைக் கப்பலில் சேர்க்க. ரூல் கொப்பித் தாளில், சீமெந்துப் பை கிழித்த துண்டில், பழைய கலண்டரின் பின்பக்கத்தில். எழுதியவர்களில் பாதிப் பேரை எனக்குத் தெரியும். அவர்களுடைய பிள்ளைகளுக்கு நான் படிப்பித்திருக்கிறேன்.

தம்பி, அந்தக் கடிதங்களை வாசிக்க வாசிக்க ஒன்றைக் கண்டுகொண்டேன். கிட்டத்தட்ட ஒருவருமே கேட்க வந்ததை முதலில் எழுதவில்லை. மழையைப் பற்றி எழுதுவார்கள். முதலாளியின் சுகத்தைக் கேட்பார்கள். மாடு கன்று போட்டதைச் சொல்வார்கள். தாள் முடியப் போகிற இடத்தில், எழுத்தைச் சிறிதாக்கி, சில வேளை ஓரத்தில் சரித்து, கேட்க வந்ததை எழுதியிருப்பார்கள். நாளைக்கு உன் மேசைக்கு முன்னால் வந்து ஒருவர் மழையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் மணிக்கூட்டைப் பார்க்காதே. அவர் தாளின் அடிக்கு வந்து சேரும்வரை பொறுத்திரு.

வேலை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடிதங்கள் பல்கலைக்கழகத்துக்குப் போகின்றன என்ற கதை எப்படியோ வெளியில் போய்விட்டது. ஒருநாள் முல்லைத்தீவுக் கரையிலிருந்து யோசேப்பு வந்தார். இப்போது சொந்தமாகப் பல படகுகள் வைத்திருப்பவர், கோயில் பெருநாளுக்கு முன்னுக்கு நிற்பவர். உள்ளே வராமல் வாசலில் நின்றார்.

"டீச்சர், எங்கட அப்பரின்ர கடிதம் ஏதும் அதுக்குள்ள கிடந்தா எடுத்துத் தாங்கோ."

"அது என்ர சாமான் இல்லையே யோசேப்பு."

"உங்கட இல்லை. முதலாளியின்ர மகளின்ரயும் இல்லை. அப்பர் எழுதினது. அவர் ஆரிட்டயும் கைநீட்டாத மனுசன் எண்டு சொல்லித்தான் என்ர பிள்ளையளை வளத்தனான். நாளைக்கு அதே பிள்ளை கம்பஸுக்குப் போய், அங்க கண்ணாடிப் பெட்டிக்குள்ள தாத்தா கெஞ்சினதை வாசிக்க வேணுமே?"

அவருடைய குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்தால் பதில் சொல்லியிருப்பேன். இருங்கோ என்று சொல்லிப் பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தேன். குடிக்காமலே போய்விட்டார்.

அன்றைக்குப் பின்னேரம் வதனியிடம் சொன்னேன். அவளுக்கு முகம் மாறிவிட்டது. "டீச்சர், அது அப்பாவுக்கு வந்த கடிதம். அப்பா உயிரைக் குடுத்துக் காப்பாத்தினது. கேட்கிற எல்லாருக்கும் எடுத்துக் குடுத்தா நூலகத்துக்கு ஆலை ரசீதுகள்தான் மிஞ்சும்" என்றாள். அவள் சொன்னதிலும் ஞாயம் இருந்தது. அந்தக் கடிதங்கள் இல்லாவிட்டால் முதலாளி யார் என்பதே தெரியாமல் போகும். கொடுத்தவருடைய கதையின் பாதி, கேட்டவர்களிடம்தானே இருக்கிறது. ஆனால் யோசேப்பு வாசலில் நின்ற நிலை என் கண்ணை விட்டுப் போகவில்லை. அடுத்த நாள் அறைப் பூட்டின் திறப்பை அவளிடம் நீட்டினேன். "பிள்ளை, எழுதின ஆக்களுக்கோ அவையின்ர பிள்ளையளுக்கோ காட்டாமல் ஒரு கடிதத்தையும் நான் பெட்டியில போடமாட்டன். வேற ஆளைப் பாருங்கோ" என்றேன். அவள் திறப்பை வாங்கவில்லை. கனநேரம் முற்றத்தில் நடந்தாள். பிறகு வந்து, "சனிக்கிழமையளில கூப்பிட்டுக் காட்டுவம். ஒரு மாதம் பாப்பம். அதுக்குப் பிறகு நான் சொல்றதுதான்" என்றாள். அதற்கு நான் ஓம்பட்டேன்.

முதல் சனிக்கிழமை விறாந்தையில் மேசை போட்டு இருந்தோம். கடிதத்தை நூலகத்துக்குக் கொடுக்கலாம், பிரதி எடுத்துக்கொண்டு கொடுக்கலாம், அல்லது வீட்டுக்குக் கொண்டு போகலாம், விருப்பம் போலச் செய்யுங்கோ என்று சொன்னோம். யோசேப்புதான் முதல் ஆள். மகளையும் கூட்டி வந்திருந்தார். கடிதத்தைக் கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு நின்றபடியே வாசித்தார். பாதி வாசித்ததும் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். பிறகு குலுங்கினார். அழுகிறார் என்று நினைத்து நான் எழும்ப, மனுசன் சிரிக்கிறார்! "இதைக் கேள் பிள்ளை" என்று மகளுக்குப் பலமாக வாசித்தார். "படகுக்கு மிசின் வாங்க உதவினால் மாதா மாதம் கருவாடு அனுப்புவேன். உதவாவிட்டாலும் அனுப்புவேன், ஏனென்றால் உங்கள் வீட்டுக் கருவாடு நன்றாக இல்லை என்று அறிந்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க டீச்சர் கெஞ்சியிருக்கிறார்? மனுசன் வியாபாரம் கதைச்சிருக்கிறார்" என்றார். பிரதியும் வேண்டாம், நூலகத்துக்கே போகட்டும், ஆனால் அப்பரின்ர முழுப் பெயரையும் போடுங்கோ என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த முறை பிளேன்ரீ இரண்டு தரம் குடித்தார்.

எல்லாரும் அப்படி இல்லை. மாங்குளத்துக்கு உள்ளே இருந்து ஒரு பெண் வந்தாள், உன்னைவிடக் கொஞ்சம் வயது கூட. அவளுடைய தாய் எழுதிய கடிதம். நீட்டினேன். மடிப்பைத் திறக்காமல் வைத்திருந்தாள். "வாசிக்கேல்லையே பிள்ளை?" என்று கேட்டேன். "அம்மா இருக்கும்வரைக்கும் இதைப்பற்றி எனக்குச் சொல்லேல்லை. அவா சொல்லாததை நான் ஏன் இப்ப அறியவேணும்?" என்றாள். "குசினியில அடுப்பு எரியுதோ டீச்சர்?" எரிந்தது. நானே கூட்டிக்கொண்டு போனேன். சாம்பலாகும்வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அதில் என்ன எழுதியிருந்தது என்று விவரம் எழுதிய எனக்குத் தெரியும். நான் எழுதிய விவரத்தையும் அவள் முன்னாலேயே வெட்டினேன். அவள் என் கையை ஒருதரம் பிடித்துவிட்டுப் போனாள். வதனி குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். தடுக்க வரவில்லை.

உன் அப்பாவும் ஒரு கடிதம் எழுதியிருக்கிறார் தெரியுமோ? அது அங்கே இருக்கிறதென்று எனக்கு முதலே தெரியும். எங்களுடைய கலியாணக் கதை உனக்குத் தெரிந்ததுதான். என்னுடைய அப்பா அம்மா மலையில் தேயிலைத் தோட்டத்தில் இருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். உன் அப்பாவின் வீட்டார் பரம்பரையாக வயல் வைத்திருந்தவர்கள். "தோட்டத்துப் பெட்டை இந்தப் படி ஏறக்கூடாது" என்று உன் அப்பப்பா சொல்லிவிட்டார். அப்போது அப்பா முதலாளிக்குத்தான் எழுதினார், காசு கேட்டு இல்லை, வந்து தகப்பனோடு கதைக்கச் சொல்லி. முதலாளி வந்தார். என்ன கதைத்தார் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. போகும்போது உன் அப்பப்பா அவரை வாசல் படலை வரைக்கும் கொண்டுபோய் விட்டிருக்கிறார். அடுத்த மாதம் கலியாணம் எழுதினோம்.

அந்தக் கடிதத்தை நான் பிரிக்கவில்லை. மற்றவர்களுக்குச் சொன்ன விதி எனக்கும்தானே, எழுதின ஆளே முதலில் பிரிக்கட்டும் என்று வைத்தேன். வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். "கொண்டு வராத, சிவப்புப் பேனையால பிழை திருத்துவாய்" என்றார். ஆனால் அடுத்த சனிக்கிழமை சேட்டை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு என்னோடு பஸ் ஏறினார். விறாந்தையில் மற்ற ஆட்களோடு தன்னுடைய முறை வரும்வரை காத்திருந்தார். கடிதத்தைக் கையில் வாங்கி, தொண்டையைச் செருமி, வந்திருந்த எல்லாருக்கும் கேட்க வாசித்தார். "ஐயா, அவ என்னைவிடப் படிச்சவ. என்னைவிட வடிவாக எழுதுவா. இந்தக் கடிதத்தை அவ எழுதியிருந்தால் நீங்கள் இன்றைக்கே வந்திருப்பீர்கள்." எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வதனி கைதட்டினாள். "நல்லாத்தான் எழுதியிருக்கிறன், என்ன?" என்று அப்பா என்னைப் பார்த்தார். எழுத்துப்பிழை இருந்தது, தம்பி. மூன்று நான்கு இடத்தில். நான் சொல்லவில்லை. அந்தக் கடிதமும் நூலகத்தில்தான் இருக்கிறது.

ஒரு மாதம் முடிந்தது. வதனி நிறுத்தச் சொல்லவில்லை. சனிக்கிழமைகள் தொடர்ந்தன. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கடிதத்தை விட்டுவிட்டுத்தான் போனார்கள். கேட்காமல் எடுத்தால் மறுத்திருப்பார்கள், கையில் கொடுத்துக் கேட்டதால் தந்தார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். கடைசிக் கட்டுகளைப் பிரிக்கும்போது வதனியே எனக்கு உதவிக்கு இருந்தாள். ஒரு நீல உறையை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவளுடைய எழுத்து. விடுதிப் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது தகப்பனுக்கு எழுதியது. இரண்டு பக்கம் பரீட்சையையும் சாப்பாட்டையும் பற்றி. அடியில் சின்ன எழுத்தில், "இந்த மாதமாவது வந்து என்னைப் பாருங்கோ அப்பா."

"இது மற்ற அலுமாரியில எல்லோ இருக்க வேணும்? ஏன் டீச்சர் அப்பா இதுக்குள்ள வைச்சவர்?" என்று கேட்டாள். "வந்து பாத்தவரோ பிள்ளை?" என்று மட்டும் கேட்டேன். "வந்தவர். அந்த மாதம் இல்லை. அடுத்த மாதம். வந்து, பிந்தினதுக்குக் காரணமும் சொல்லிப்போட்டுப் போனவர்" என்றாள். பிறகு அந்த உறையைத் தன் கைப்பைக்குள் வைத்தாள். நான் அதை விவரப் புத்தகத்தில் பதியாமல் யன்னலைப் பார்த்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதலாளி 'ஓம்' என்று சொன்ன பதில்களையெல்லாம் அவருடைய எழுதுவினைஞர்தான் எழுதியிருக்கிறார், ஒரே மாதிரி இரண்டு வரி. 'இல்லை' என்று சொன்ன பதில்களின் பிரதிகள் எல்லாம் முதலாளியின் சொந்த எழுத்து. ஏன் ஏலாது, எப்போது திரும்ப வரலாம், வேறு யாரிடம் போய்ப் பார்க்கலாம் என்று நீளமாக எழுதியிருக்கிறார். மனுசன் செய்த எல்லாவற்றையும் நான் மெச்ச மாட்டேன், உழவு மிசின் கதையை மறக்கவும் மாட்டேன். ஆனால் இது ஒன்றை அவரிடம் எடுத்துக்கொள். உன் வங்கிக்கு விதிகள் இருக்கும், கணினி ஆளை வேண்டாம் என்று சொல்லும், மேலிடம் இலக்கு வைக்கும். அதெல்லாம் எனக்கு விளங்கும். கொடுக்கக் கூடாத ஆளுக்குக் கடனைக் கொடுத்து, பிறகு அவருடைய வீட்டு வாசலில் ஆள் அனுப்புவது, 'இல்லை' என்று சொல்வதைவிடப் பெரிய பாவம், அதையும் நுண்கடன் எடுத்த இந்தப் பக்கத்துப் பெண்கள் நல்லாக் கண்டுவிட்டார்கள். இல்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில் சொல். நீயே சொல். பதில் கடிதத்தில் வரும் என்று சொல்லி அனுப்பிவிடாதே.

போன கிழமை பல்கலைக்கழக லொறி வந்து பெட்டிகளை ஏற்றிப் போனது. வதனியும் கனடாவுக்குத் திரும்பிவிட்டாள். அறையைப் பூட்டிவிட்டு நான் வெளியில் வர, ஒரு பெண் படியடியில் நின்றாள். கேப்பாப்புலவுப் பக்கம், தனியாக இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறவள். அவளுக்கு அந்த அலுமாரியில் கடிதம் ஒன்றும் இல்லை. "டீச்சர் இங்க இருந்து கடிதங்கள் பாக்கிறா எண்டு சொல்லிச்சினம். எனக்கு ஒண்டு எழுதித் தருவியளோ? தண்ணி இறைக்கிற மிசின் வாங்க வேணும். கச்சான் கடலை போட்டிருக்கிறன், வாளியால ஊத்தி ஏலாமல் கிடக்கு" என்றாள். எங்கே கொடுக்கப் போகிறாய் என்று கேட்டேன். முல்லைத்தீவு வங்கிக்கு என்றாள். நீ அங்கே வரப் போகிறாய் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். மழையில்தான் தொடங்கினாள். நான் குறுக்கிடவில்லை.

இனி அது உன் மேசைக்குத்தான் வரும். எழுத்தைக் கண்டவுடன் உனக்குத் தெரிந்துவிடும். அம்மாவின் எழுத்து என்று பார்த்துக் கொடுத்துவிடாதே. அம்மாவின் எழுத்து என்பதால் ஒதுக்கியும் விடாதே. சொல் அவளுடையது, நான் பேனையை மட்டும்தான் பிடித்தேன். கொடுக்கலாமோ கூடாதோ என்பது உன் வேலை, அதற்குள் நான் வரமாட்டேன். அவளுக்கு ஒரு கதிரை போடு. கடைசி வரி வரைக்கும் வாசி. பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்து உன் பதிலைச் சொல்லு.

அம்மா